கேள்வி மட்டும் எதற்கு?

குற்றம் நிரூபணமாகிவிட்டது என்று அறிவித்த பிறகு, தண்டனையை எழுதுவதற்கு முன், கூண்டில் நிற்பவரைப் பார்த்து நீதிபதி ஒரு கேள்வி கேட்பார். “தண்டனையைப் பற்றி ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?” 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 235(2) பிரிவு இந்தக் கேள்வியைக் கட்டாயமாக்கியது. இப்போதுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அதற்கு எண் 258(2).

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் கீழ் வரும் வழக்கில் இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் ஒரே மாதிரியான பதில்தான் வரும். “அம்மாவுக்கு என்னை விட்டா யாருமில்லைங்க ஐயா. கொஞ்சம் குறைச்சுக் குடுங்க.” தட்டச்சர் அதை அப்படியே பதிவு செய்வார். வயது, குடும்பச் சூழல், முன்குற்றம் ஏதும் இல்லாமை ஆகியவை கருத்தில் கொள்ளப்பட்டன என்று தீர்ப்பில் ஒரு வரி வரும். அதற்கு அடுத்த வரி 20 ஆண்டு. கருத்தில் கொண்டாலும் 20, கொள்ளாவிட்டாலும் 20. 6ஆம் பிரிவில் குற்றவாளி என்று சொல்லிவிட்டால் அதற்குக் கீழே ஒரு நாள்கூட இறங்க நீதிபதிக்கு அதிகாரமில்லை. அப்படியானால் அந்தக் கேள்வி எதற்கு?

இதே கேள்வியை உச்ச நீதிமன்றம் 1983ஆம் ஆண்டிலேயே கேட்டது. ஆயுள் தண்டனை அனுபவிப்பவர் கொலை செய்தால் மரண தண்டனை, வேறு பேச்சே இல்லை என்றது இந்திய தண்டனைச் சட்டத்தின் 303ஆம் பிரிவு. மிட்டு எதிர் பஞ்சாப் மாநிலம் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தப் பிரிவைச் செல்லாது என்று தூக்கி எறிந்தது. ஒய்.வி. சந்திரசூட் தலைமையிலான அந்த அமர்வில் ஜோலார்பேட்டைக்காரரான ஏ. வரதராசனும் இருந்தார். முடிவு முன்பே எழுதப்பட்டிருக்கும்போது தண்டனை பற்றி விசாரிப்பதற்கு என்ன பொருள், நீதிபதி காரணம் எழுதுவதற்குத்தான் என்ன பொருள் என்பது அந்தத் தீர்ப்பின் மையக் கேள்விகளில் ஒன்று. ஆயுதச் சட்டத்தின் 27(3) பிரிவு விதித்த கட்டாய மரண தண்டனையும் 2012இல் அதே வழியில் விழுந்தது. இத்தனைக்கும் பிறகு 2019இல் நாடாளுமன்றம் என்ன செய்தது? போக்சோ சட்டத்தின் குறைந்தபட்சத் தண்டனைகளை ஏற்றியது. 4ஆம் பிரிவில் 7 ஆண்டு 10 ஆனது. 6ஆம் பிரிவில் 10 ஆண்டு 20 ஆனது. தனிப்பட்ட காரணம் இருந்தால் நீதிபதி குறைக்கலாம் என்று ஒரு சிறு திட்டிவாசலைக்கூட விடவில்லை.

தூக்கும் சிறையும் ஒன்றா என்று கேட்பார்கள். ஒன்றல்ல. ஆனால் 19 வயதில் உள்ளே போய் 39 வயதில் வெளியே வருபவனிடம் அந்த வித்தியாசத்தை விளக்கிப் பார்க்கலாம்.

குழந்தைகளிடம் பாலியல் வன்முறை செய்பவர்களுக்காக வாதாட இந்தத் தலையங்கம் வரவில்லை. எட்டு வயதுக் குழந்தையைச் சீரழித்த பக்கத்து வீட்டுக்காரனுக்கும், மாணவியை மிரட்டிய ஆசிரியனுக்கும் 20 ஆண்டு அதிகம் என்று நாம் சொல்லமாட்டோம். நாம் கண்டிப்பது வேறொன்றை. அந்தப் பக்கத்து வீட்டுக்காரனையும், 17 வயதுப் பெண்ணோடு ஊரைவிட்டுப் போன 19 வயது ஒர்க்‌ஷாப் பையனையும் ஒரே தராசில் நிறுத்தி, முள்ளையும் ஆணியடித்து வைத்திருக்கும் சட்டத்தை. அது தவறு என்று சட்ட ஆணையமே எழுதிக் கொடுத்த பிறகும் அசையாமல் இருக்கும் ஒன்றிய அரசை.

அந்தப் பையனின் வழக்கு எப்படி உருவாகிறது என்று கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்போம். முதலில் வருவது ‘பெண்ணைக் காணவில்லை’ என்ற புகார். பெண்ணின் அப்பாவோ மாமாவோ எழுதிக் கொடுப்பார். பையன் வேறு சாதி என்றால் கூடவே நான்கு பேர் ஸ்டேஷனுக்கு வருவார்கள். இரண்டு வாரத்தில் இருவரும் திருப்பூரிலோ பெங்களூருவிலோ பிடிபடுவார்கள். கழுத்தில் மஞ்சள் கயிறு இருக்கும். பள்ளிச் சான்றிதழை வாங்கிப் பார்த்தால் பெண்ணுக்கு 18 ஆக இன்னும் ஐந்து மாதம் இருக்கும். ‘காணவில்லை’ வழக்கு அன்றைக்கே கடத்தல், போக்சோ என்று பிரிவு மாறும். மருத்துவப் பரிசோதனையில் பெண் கருவுற்றிருக்கிறாள் என்று தெரிந்தால் 4ஆம் பிரிவு 6ஆம் பிரிவாகும். ஏனென்றால் கருவுறச் செய்வதும், ஒருமுறைக்கு மேல் உறவு கொள்வதும் சட்டத்தின் பார்வையில் ‘கடுமையாக்கப்பட்ட’ குற்றம். காதலித்தவர்கள் ஒரே ஒரு முறைதான் சேர்ந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் சட்டம் இது. அந்த ஒரு பரிசோதனை அறிக்கையில் 10 ஆண்டு 20 ஆண்டாகிவிடுகிறது. அதற்குப் பிறகு நீதிபதிக்குச் செய்ய எதுவும் மிச்சமில்லை. அவருடைய வேலையை ஆய்வாளரின் பேனா முடித்துவிட்டது.

உறுதியான தண்டனை வேண்டும் என்று கேட்பவர்கள் கவனிக்கத் தவறும் இடம் இதுதான். குறைந்தபட்சத் தண்டனை விருப்புரிமையை ஒழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. திறந்த நீதிமன்றத்தில், இரு தரப்பு வக்கீல்களும் கேட்க, காரணம் எழுதி, மேல்முறையீட்டுக்கு உட்பட்டு நீதிபதி செய்ய வேண்டிய வேலை, அனைத்து மகளிர் காவல் நிலையத்தின் பின்னறைக்குப் போய்விடுகிறது. எந்தப் பிரிவைப் போடுவது, எதை விடுவது, புகாரையே ‘சமாதானமாக’ முடிப்பதா என்பதெல்லாம் அங்கே தீர்மானமாகிறது. அங்கே யாரும் காரணம் எழுதுவதில்லை.

தமிழகக் காவல்துறை இதை உணராமல் இல்லை. 2022 டிசம்பரில் அப்போதைய டி.ஜி.பி. சைலேந்திர பாபு ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். பரஸ்பர விருப்பத்தோடு நடந்த காதல் விவகாரங்களில் போக்சோ சட்டத்தின் கீழ் இளைஞர்களை அவசரப்பட்டுக் கைது செய்யக் கூடாது, நோட்டீஸ் கொடுத்து விசாரிக்கலாம் என்றார். நல்ல எண்ணம்தான், பாராட்டுவோம். ஆனால் யோசித்துப் பாருங்கள். நாடாளுமன்றம் அமர்வு நீதிபதிக்குத் தர மறுத்த விருப்புரிமை, ஒரு சுற்றறிக்கையின் வழியாக எஸ்.ஐ.க்குப் போய்ச் சேர்கிறது.

பெங்களூருவின் என்ஃபோல்டு அறக்கட்டளை அசாம், மகாராஷ்டிரம், மேற்கு வங்கம் ஆகிய மூன்று மாநிலங்களில் 2016 முதல் 2020 வரை வந்த 7,064 போக்சோ தீர்ப்புகளைப் படித்துப் பார்த்தது. அவற்றில் 1,715, அதாவது ஏறக்குறைய நான்கில் ஒன்று, காதல் வழக்கு. அந்தக் காதல் வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் விடுதலையில் முடிந்தன. சட்டம் உறுதியாக இருக்கிறது என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்த எண்ணை இரண்டு முறை படிக்கட்டும். பெண் கூண்டேறி ‘எனக்கு ஒன்றும் தெரியாது’ என்கிறாள். பிறழ் சாட்சி என்று அரசு வழக்கறிஞர் எழுதிக்கொள்கிறார். பத்தோ இருபதோ ஆண்டைத் தூக்கி அந்தப் பையன் தலையில் வைக்க மனம் வராத நீதிபதிக்கும் அது ஒரு வழியாகிறது. விடுதலை. ஆனால் அதற்குள் பையன் மாதக்கணக்கில் சிறையில் இருந்துவிட்டான், பெண் காப்பகத்தில் இருந்துவிட்டாள்.

உண்மையிலேயே பாதிக்கப்பட்ட குழந்தைக்கும் இந்த இறுக்கம் உதவவில்லை. குற்றவாளி சித்தப்பாவாகவோ, வீட்டுக்குச் சம்பாதித்துப் போடுபவராகவோ இருக்கும்போது, ‘இருபது வருஷம்’ என்ற சொல்லைக் கேட்டவுடன் மொத்தக் குடும்பமும் குழந்தையின் வாயைத்தான் மூடுகிறது.

இனி ஓர் ஒப்பீடு. இதைப் படித்த பிறகும் கோபம் வராதவர்களுக்கு வேறென்ன சொல்வதென்று நமக்குத் தெரியவில்லை. 2016இல் டெல்லியில் 18 வயது நிறையாத ஒருவர் ஓட்டிய சொகுசுக் கார் மோதி ஓர் இளைஞர் செத்தார். கொலையாகாத மரணம் விளைவித்தல் என்று வழக்கு. காரோட்டியை வயது வந்தவராக விசாரிக்கலாமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. சிறார் நீதிச் சட்டப்படி 16 வயது தாண்டியவரை அப்படி விசாரிக்க, குற்றம் ‘கொடுங்குற்றம்’ ஆக இருக்க வேண்டும். குறைந்தபட்சத் தண்டனை ஏழு ஆண்டோ அதற்கு மேலோ இருந்தால்தான் அது கொடுங்குற்றம். மரணம் விளைவித்தலுக்கு அப்படி ஒரு குறைந்தபட்சம் கிடையாது. ஆகவே அது கொடுங்குற்றம் அல்ல என்று 2020இல் தீர்ப்பு வந்தது. சட்டத்தின் எழுத்துப்படி சரியான தீர்ப்பு. இப்போது ஒரே வகுப்பில் படிக்கும் 17 வயதுப் பையனையும் 17 வயதுப் பெண்ணையும் எடுத்துக்கொள்ளுங்கள். இருவருமே சட்டப்படி குழந்தைகள். அவர்கள் உறவு கொண்டால் பையன் செய்தது கொடுங்குற்றம், ஏனென்றால் அதன் குறைந்தபட்சம் 10 ஆண்டு. அவனை வயது வந்தவனாக விசாரிக்க வாய்ப்பு திறக்கிறது. ஓர் உயிரைப் பறித்தது ஒரு தட்டில், காதலித்தது இன்னொரு தட்டில். எது கனம் என்று சட்டம் தீர்மானித்துவிட்டது.

1940 முதல் 2012 வரை இந்த நாட்டில் இசைவு வயது 16. அந்த எழுபத்திரண்டு ஆண்டுகளில் குற்றமாக இல்லாத ஒன்று, 2012 நவம்பர் 14ஆம் தேதி, குழந்தைகள் தினத்தன்று, குற்றமானது. அதைப் பற்றிய வாதம் தனி. 2019இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி வி. பார்த்திபன் வயதை 16 ஆக்குவது பற்றி யோசிக்கச் சொன்னார். 2021இல் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், பருவ வயதுக் காதலைத் தண்டிப்பது இந்தச் சட்டத்தின் நோக்கமே அல்ல என்று கூறி ஒரு வழக்கை ரத்து செய்தார். ஒன்றிய அரசோ 2025இல் உச்ச நீதிமன்றத்தில், வயதைக் குறைக்கவே கூடாது என்று எழுதிக் கொடுத்தது. சரி, குறைக்க வேண்டாம். வயதைக் குறைத்தால் குழந்தைத் திருமணமும் ஆட்கடத்தலும் அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் என்ற அச்சத்தில் நியாயம் இருக்கிறது. நாமும் அந்த அச்சத்தைப் பகிர்ந்துகொள்கிறோம்.

ஆனால் வயதைத் தொடாமலே செய்யக்கூடிய ஒன்றைச் சட்ட ஆணையம் சொன்னதே, அதற்கு என்ன பதில்? 2023 செப்டம்பரில் 22ஆவது சட்ட ஆணையம் தந்த 283ஆம் அறிக்கை, வயது 18 ஆகவே இருக்கட்டும் என்று அரசின் பக்கமே நின்றது. கூடவே, பெண்ணுக்கு 16 வயதுக்கு மேல் 18க்குள் இருந்து, அவளது மறைமுக இசைவும் இருந்த வழக்குகளில், வரையறுக்கப்பட்ட விருப்புரிமையை நீதிபதியிடம் கொடுங்கள் என்றது. இருவருக்கும் வயது வித்தியாசம் மூன்று ஆண்டுக்குள் இருக்கிறதா, மிரட்டலோ ஏமாற்றோ இருந்ததா, பையனுக்குக் குற்றப் பின்னணி உண்டா என்று எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்றும் சொன்னது. அறிக்கை போய்ச் சேர்ந்த மூன்றே மாதத்தில் நாடாளுமன்றம் தண்டனைச் சட்டத்தையே முழுதாக மாற்றி எழுதியது. ஐயாயிரம் ரூபாய்க்குள் முதல்முறை திருடியவர் பொருளைத் திருப்பிக் கொடுத்தால் சமுதாய சேவையோடு அனுப்பலாம் என்று புதிதாக ஒரு தண்டனை வகையைக்கூடச் சேர்த்தார்கள். நல்லது. வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அந்தப் பரிவில் கைப்பிடி அளவாவது இந்தப் பிள்ளைகள் பக்கம் வந்திருக்கக் கூடாதா?

வராததால் என்ன நடக்கிறது? எல்லாம் டெல்லிக்குப் போகிறது. தமிழகத்திலிருந்து போன ஒரு வழக்கில், அக்காள் மகளோடு வாழ்ந்த தாய்மாமனுக்கு விசாரணை நீதிமன்றம் 10 ஆண்டு கொடுத்தது, உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. உச்ச நீதிமன்றம் போகும்போது அவர்களுக்கு இரண்டு குழந்தைகள். முதல் குழந்தை பிறந்தபோது அந்தப் பெண்ணுக்கு வயது 15. தான் நிம்மதியாக வாழ்வதாக அவர் மாவட்ட நீதிபதியிடம் வாக்குமூலம் கொடுத்தார். 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது, இதை முன்னுதாரணமாகக் கொள்ளக் கூடாது என்றும் எழுதியது. 2025 அக்டோபரில் இன்னொரு தமிழக வழக்கு. மனைவியையும் குழந்தையையும் கைவிடக் கூடாது என்ற நிபந்தனையோடு விடுதலை.

இந்த வழக்குகள் எல்லாம் நம் வாதத்துக்குத் தோதானவை என்று நடிக்க மாட்டோம். பதினைந்து வயதில் தாயான பெண்ணின் கதை காதல் கதை அல்ல. மேற்கு வங்கத்திலிருந்து போன ஒரு வழக்கும் அப்படித்தான். அங்கே பெண்ணுக்கு 14, ஆணுக்கு 25. விசாரணை நீதிமன்றம் 20 ஆண்டு விதித்தது. கல்கத்தா உயர் நீதிமன்றம், வளரிளம் பெண்கள் தங்கள் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும் என்று தேவையில்லாத உபதேசத்தோடு விடுதலை செய்தது. உச்ச நீதிமன்றம் அதைக் கண்டித்து 2024 ஆகஸ்டில் குற்றத் தீர்ப்பை மீட்டது. ஆனால் நிபுணர் குழு அந்தப் பெண்ணைச் சந்தித்துத் தந்த அறிக்கையைப் படித்த பிறகு, 2025 மே மாதத்தில் அதே நீதிமன்றம் அரசியலமைப்பின் 142ஆம் பிரிவைப் பயன்படுத்தித் தண்டனை வேண்டாம் என்றது. சட்டம் குற்றமென்று சொன்னது அவரைப் புண்படுத்தவில்லை, அதன் பிறகு காவல் நிலையமும், நீதிமன்றமும், கணவரைக் காப்பாற்ற அவர் அலைந்த அலைச்சலும்தான் புண்படுத்தின என்பது நீதிபதிகள் கண்டது.

குற்றம் குற்றமே, ஆனால் இந்த வழக்கில் 20 ஆண்டு நியாயமல்ல என்று நாட்டின் உச்ச நீதிமன்றமே சொல்ல வேண்டிவந்தது. 142ஆம் பிரிவு உச்ச நீதிமன்றத்துக்கு மட்டுமே உண்டு. தர்மபுரி மகளிர் நீதிமன்றத்தில் உட்கார்ந்திருக்கும் நீதிபதிக்குக் கிடையாது. கடன் வாங்கி டெல்லி வரை போக முடிந்தவனுக்கு நெகிழும் சட்டம், சேலம் சிறையோடு நின்றுபோனவனுக்கு இறுகிக் கிடக்கிறது. சீரான தண்டனை என்று எதைச் சொல்கிறார்கள்?

மறுபக்கத்தின் வாதம் நமக்குத் தெரியும், அது லேசானதும் அல்ல. நீதிபதிகளிடம் கதவைத் திறந்துவிட்டு இந்த நாட்டுப் பெண்கள் பட்டபாடு கொஞ்சமா? 2013 வரை, ‘போதுமான, தனிப்பட்ட காரணங்கள்’ இருந்தால் பாலியல் வன்கொடுமைக்குக் குறைந்தபட்சத்துக்கும் கீழே தண்டனை தரலாம் என்று இருந்தது. அந்தக் காரணங்களின் லட்சணம் என்ன? குற்றவாளி ஏழை, படிக்காதவர், இரு தரப்பும் சமரசம் ஆகிவிட்டது. 2011இல் ஒரு கூட்டு வன்கொடுமை வழக்கில், சமரசத்தைக் காட்டி உச்ச நீதிமன்றமே மூன்றரை ஆண்டுச் சிறையோடு அனுப்பிவைத்தது. 2015இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர், சிறுமியை வன்கொடுமை செய்து ஏழாண்டு தண்டனை பெற்றவருக்கு, அந்தப் பெண்ணோடு சமரசம் பேசுவதற்காக ஜாமீன் கொடுத்தார். கண்டனம் எழுந்து, உச்ச நீதிமன்றமும் இத்தகைய சமரசம் கூடாது என்று சொன்ன பிறகுதான் அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. அந்தக் கதவை மூடியவர்கள் காரணமில்லாமல் மூடவில்லை.

தூக்கு வழக்குகளில் நடந்தது இதைவிடக் கொடுமை. உத்தரப் பிரதேசத்தில் ஒரே கொலை வழக்கில், ஒரே அளவு பங்குள்ள மூவருக்குத் தூக்கு. மூவரின் மனுக்களும் தனித்தனியாக வெவ்வேறு அமர்வுகளுக்குப் போயின. ஒருவருக்கு ஆயுளாகக் குறைந்தது. ஒருவர் 1981 அக்டோபரில் தூக்கிலிடப்பட்டார். மூன்றாமவர் கடைசி நேரத்தில் மனு போட்டதால், 1982இல் உச்ச நீதிமன்றம் இந்த அலங்கோலத்தைக் கண்டு திடுக்கிட்டது. எந்த நீதிபதி முன்னால் கோப்பு விழுகிறது என்பதில் உயிர் தொங்கியது.

ஆக, கட்டுப்பாடில்லாத விருப்புரிமையை நாம் கேட்கவில்லை. தண்டனை விதிப்புக்கு வழிகாட்டு நெறிகள் வேண்டும் என்று 2003இல் மலிமத் குழு சொன்னது. சில ஆண்டுகள் கழித்து மாதவ மேனன் குழுவும் சொன்னது. இந்த நாட்டில் அப்படி எதுவும் இல்லையே என்று உச்ச நீதிமன்றம் 2012இல் ஒரு கேரள வழக்கில் அங்கலாய்த்தது. இங்கிலாந்தில் அதற்கென்றே தனி மன்றம் இருக்கிறது. இருபது ஆண்டு கடந்தும் இங்கே ஒரு வரி எழுதப்படவில்லை. நெறிமுறை எழுத உட்கார்ந்து யோசிக்க வேண்டும், அதற்குக் கைதட்டல் கிடைக்காது. ஊரே கொதிக்கும் ஒரு சம்பவம் நடந்தவுடன் குறைந்தபட்சத் தண்டனையை ஏற்றி அறிவிப்பது சுலபம், தலைப்புச் செய்தியும் ஆகும். இதில் கட்சி வேறுபாடு கிடையாது. 2025 ஜனவரியில் நம் சட்டமன்றமும் பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்குத் தண்டனைகளை ஏற்றித் திருத்தம் நிறைவேற்றியது. புலன்விசாரணை சரியாக நடந்து, தடயவியல் அறிக்கை நேரத்துக்கு வந்து, தீர்ப்பு ஓராண்டில் கிடைத்தால் குற்றவாளி அஞ்சுவான். சட்டப் புத்தகத்தில் 10ஐ அடித்து 14 என்று எழுதினால் அவனுக்கு அது தெரியக்கூடத் தெரியாது.

சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் மனுநீதிச் சோழனுக்குச் சிலை உண்டு. கன்றுக்காகத் தேர்க்காலில் மகனையே பலி கொடுத்தவன், வளையாத தண்டனைக்கு நம் ஊரில் அவன்தான் எடுத்துக்காட்டு. கன்று தானாகத் துள்ளி வந்து தேரில் விழுந்தது என்று அமைச்சர்கள் வாதாடிப் பார்த்தார்களாம், அரசன் கேட்கவில்லை. அவன் கடுமையை நாம் ஏற்காமல் போகலாம், ஆனால் அது அவன் பிள்ளை மீது போனது. இன்றைய கடுமை போகும் இடம் பெரும்பாலும் செங்கல் சூளையிலும் பனியன் கம்பெனியிலும் வேலை செய்பவர்களின் பிள்ளைகள் மீது.

ஒன்றிய அரசின் இந்த மெத்தனத்தை வன்மையாகக் கண்டிக்கிறோம். நாடாளுமன்றத்தின் அடுத்த கூட்டத்தொடரிலேயே போக்சோ திருத்த மசோதா வர வேண்டும். பெண்ணுக்கு 16 நிறைந்து, வயது வித்தியாசம் குறைவாக இருந்து, மிரட்டலோ அதிகார நிலையோ இல்லாத வழக்குகளில் குறைந்தபட்சத்துக்குக் கீழே இறங்கும் அதிகாரம் விசாரணை நீதிபதிக்கே வேண்டும். அது 4ஆம் பிரிவோடு நின்றால் ஏமாற்று. கருவுற்றதாலேயே 6ஆம் பிரிவுக்குள் தள்ளப்படும் வழக்குகளுக்கும் பொருந்த வேண்டும். காரணங்கள் எழுத்தில் இருக்க வேண்டும், பெண்ணின் வாக்குமூலத்தைக் குடும்பத்தார் இல்லாத இடத்தில் நீதிபதி தாமே பதிவு செய்ய வேண்டும், ‘சமரசம்’ என்ற சொல் அந்தக் காரணங்களில் வரவே கூடாது. ஆசிரியர், உறவினர், காவலர், விடுதிக் காப்பாளர் எவருக்கும் இந்த வாசல் திறக்கக் கூடாது. சிறார் நீதிச் சட்டத்தில் ‘கொடுங்குற்றம்’ என்பதன் வரையறையும் இதற்கேற்பத் திருத்தப்பட வேண்டும்.

தமிழகத்தின் 39 மக்களவை உறுப்பினர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்தச் சட்டத்தில் சிக்கிய பையனின் தாயோ, கைக்குழந்தையோடு ஜெயில் மனுப் பார்க்கப் போகும் பெண்ணோ உங்கள் தொகுதியில் நிச்சயம் இருப்பார்கள். 283ஆம் அறிக்கையின் மேல் நடவடிக்கை என்ன என்று அவையில் ஒரு கேள்வி கேளுங்கள். பதில் வரும்வரை கேளுங்கள்.